குரைக்கும் நாயும் மேதை பாவ்லோவும்

நாய் குரைக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் அதட்டுகிறார்கள். நாய் இன்னும் பலமாகக் குரைக்கிறது. ஒருவர் தடியை எடுக்கிறார். நாய் சற்று அடங்குகிறது. தடி கீழே போனதும் மறுபடியும் குரைக்கிறது. இரவு முழுவதும் தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டாரோடு சண்டை. முடிவில் ஒரு நாள், ஆசையாக வளர்த்த நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள்.

நாய் ஏன் ஓயாமல் குரைக்கிறது? அந்தப் பழக்கத்தை அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்? கற்றதை மறக்கச் செய்ய முடியுமா?

இந்தக் கேள்விகளுக்கு வழி காட்டும் விடைகளை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்தார். அவர் நாய் பழக்குபவர் அல்ல. சர்க்கஸ்காரரும் அல்ல. அவர் ஒரு டாக்டர். வயிற்றின் வேலையை ஆராயப் போனவர். நாய்களே அவரை மூளையின் பக்கம் திருப்பிவிட்டன.

அவர்தான் ரஷிய நாட்டு மேதை இவான் பாவ்லோவ்.

மதிலில் இருந்து விழுந்த சிறுவன்

ரஷியாவில் ரியாசான் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. அங்கே 1849-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி பாவ்லோவ் பிறந்தார். தந்தை பியோத்தர், ஒரு தேவாலயத்தில் பாதிரியார். ரஷியாவில் அந்தச் சபையின் பாதிரியார்கள் திருமணம் செய்துகொள்ளலாம். பாவ்லோவ்தான் மூத்த பிள்ளை. அவருக்குப் பின் பல குழந்தைகள் பிறந்தன. பெரிய குடும்பம். சிறிய வருமானம்.

தந்தைக்கு இரண்டு பொருள்கள் மீது ஆசை. ஒன்று பழத்தோட்டம். மற்றொன்று புத்தகம். நல்ல புத்தகத்தை இரண்டு முறை படிக்கவேண்டும் என்பது அவர் பிள்ளைகளுக்கு இட்ட கட்டளை. மண்வெட்டி பிடிக்கவும் மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டு பழக்கங்களையும் பாவ்லோவ் கடைசி வரை விடவில்லை.

சிறு வயதில் பாவ்லோவ் உயரமான ஒரு மதிலில் இருந்து கீழே விழுந்துவிட்டார். பலத்த அடி. உடம்பு தேறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இவர் போக முடியவில்லை. பதினோராவது வயதில்தான் பள்ளியில் சேர்ந்தார்.

தந்தையைப் போலவே மகனும் பாதிரியார் ஆகவேண்டும் என்பது வீட்டின் விருப்பம். அதற்கான மடத்துப் பள்ளியில்தான் படித்தார். அந்த நாளில் ரஷியாவில் விஞ்ஞானக் காற்று பலமாக வீசியது. செச்செனோவ் என்ற விஞ்ஞானி மூளையைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். மனிதன் செய்யும் காரியங்கள் எல்லாம் உடம்பின் இயல்பான எதிர்ச்செயல்களில் இருந்தே பிறக்கின்றன என்பது அந்த நூலின் கருத்து. கண்ணருகே கை வந்தால் இமை மூடுகிறது அல்லவா? அதுபோன்றவையே எதிர்ச்செயல்கள்.

அந்த நூல் வாலிபன் பாவ்லோவைப் பிடித்து உலுக்கியது. பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டார். 1870-ம் ஆண்டு தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21.

ஒற்றைச் செருப்பு

பல்கலைக்கழகப் படிப்பு 1875-ல் முடிந்தது. பிறகு மருத்துவம் படித்து 1879-ல் பட்டம் பெற்றார். புகழ்பெற்ற டாக்டர் போத்கினின் ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம்.

அந்தக் காலத்தில் செராபீமா என்ற மாணவியைக் காதலித்தார். அவள் கிராமத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக வேலை பார்க்கப் போனாள். அவளுக்குப் பாவ்லோவ் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். ஊர் போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தாள். ஒரு செருப்புதான் இருந்தது! மற்றொன்றை அவளுடைய நினைவாகப் பாவ்லோவ் தம் மேஜைமேல் வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள்.

1881-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. குடித்தனம் நடத்தப் பணம் இல்லை. முதலில் பிறந்த ஆண் குழந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டது. தாய் துடித்தாள். தந்தை துக்கத்தை மனத்துக்குள் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஆசிரியரின் வறுமையைப் பார்த்து மாணவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தையும் பாவ்லோவ் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆராய்ச்சிக்கு நாய்கள் வாங்கிவிட்டார் என்று ஒரு கதை உண்டு.

1884 முதல் 1886 வரை ஜெர்மனி நாட்டில் இரண்டு பெரிய விஞ்ஞானிகளிடம் பயிற்சி பெற்றார். நாடு திரும்பியும் நல்ல வேலை இல்லை. 1890-ல்தான் நல்ல காலம் பிறந்தது. ராணுவ மருத்துவக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1891-ல், புதிதாகத் தொடங்கிய பரிசோதனை மருத்துவ நிலையத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

நாய்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி

சாப்பிட்ட சோறு எப்படிச் ஜீரணம் ஆகிறது? எந்த உணவுக்கு எந்தச் சாறு சுரக்கிறது? இதை உயிருள்ள மிருகத்தில், அது நடமாடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும் என்று பாவ்லோவ் நினைத்தார்.

அதற்காக நாய்களுக்கு நுட்பமான அறுவைச் சிகிச்சைகள் செய்தார். இரைப்பையின் ஒரு மூலையைச் சிறிய பை போலத் தனியாகப் பிரித்து, அதில் சுரக்கும் சாறு வெளியே வரும்படி செய்தார். பல நாய்கள் இறந்தன. பிறகே வெற்றி கிடைத்தது. அப்படிப் பிழைத்த ஒரு நாயின் பெயர் துருஷோக். ரஷிய மொழியில் சின்ன நண்பன் என்று பொருள்.

மனிதர்களுக்கு இருப்பது போலவே, நாய்களுக்கும் சுத்தமான அறுவைச் சிகிச்சை அறை கட்டினார். காயம் ஆறும்வரை தங்க இடம் கொடுத்தார். இருந்தாலும் அந்த நாய்கள் பட்ட துன்பம் துன்பமே. இன்று அத்தகைய சோதனைகளுக்குப் பல நாடுகளில் கடுமையான விதிகள் இருக்கின்றன.

ஜீரணத்தைப் பற்றிய இந்த ஆராய்ச்சிக்காக 1904-ல் பாவ்லோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற முதல் ரஷியர் அவர்தான்.

வேறு ஒருவராக இருந்தால் அந்தப் புகழோடு ஓய்ந்திருப்பார். பாவ்லோவ் அதற்குள் வேறு ஓர் அதிசயத்தைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தார்.

காலடி ஓசையும் எச்சிலும்

உணவு வாயில் பட்டால் எச்சில் ஊறும். இது இயற்கை. ஆனால் பாவ்லோவின் நாய்களுக்கு, உணவு வருவதற்கு முன்பே எச்சில் ஊறியது. உணவுத் தட்டைக் கண்டால் ஊறியது. உணவு கொண்டுவரும் பணியாளின் காலடி ஓசை கேட்டாலே ஊறியது.

காலடி ஓசையை யாரும் தின்ன முடியாதே! பிறகு ஏன் எச்சில் ஊறுகிறது?

சோதனைக்கு இது இடைஞ்சல் என்று உதவியாளர்கள் நினைத்தார்கள். இடைஞ்சலையே ஆராய்வது என்று பாவ்லோவ் முடிவு செய்தார்.

ஒரு கருவி டிக் டிக் என்று ஒலிக்கும். உடனே நாய்க்கு இறைச்சிப் பொடி கொடுப்பார்கள். இப்படிப் பல முறை நடக்கும். பிறகு டிக் டிக் சத்தம் மட்டும் கேட்கும். இறைச்சி வராது. ஆனாலும் நாயின் வாயில் எச்சில் சொட்டும். சத்தத்துக்குப் பதில் விளக்கு வெளிச்சம் காட்டினாலும், தோலைத் தொட்டாலும் இதே கதைதான். பாவ்லோவ் என்றால் மணி என்று பலர் நினைக்கிறார்கள். மணி அவர் பயன்படுத்திய பல கருவிகளில் ஒன்று மட்டுமே.

எவ்வளவு எச்சில் சுரந்தது என்று சொட்டுக் கணக்கில் அளந்தார்கள். நாய் ஆசைப்பட்டது, நாய் நினைத்தது என்று யாரும் பேசக்கூடாது. அப்படிப் பேசிய உதவியாளருக்கு அபராதம் விதிப்பார் என்று சொல்வதுண்டு. கண்ணால் பார்த்ததையும் கையால் அளந்ததையும் மட்டுமே சொல்லவேண்டும்.

இதில் இருந்து ஓர் உண்மை வெளிப்பட்டது. முன்பு எந்தப் பொருளும் இல்லாத ஒரு சத்தம், திரும்பத் திரும்ப ஒரு சம்பவத்தோடு சேர்ந்து வந்தால், நாய்க்கு அது ஓர் அடையாளம் ஆகிவிடுகிறது. இதைப் பழக்கத்தால் வந்த எதிர்ச்செயல் என்றார் பாவ்லோவ்.

நம் வீட்டு நாயும் அப்படித்தான். கதவு தட்டும் சத்தம், பிறக்கும்போதே அதற்குப் பகை அல்ல. கதவு தட்டிய பிறகு அன்னியர் ஒருவர் உள்ளே வருகிறார். பல முறை இப்படி நடக்கிறது. பிறகு சத்தம் கேட்ட உடனே குரைப்பு எழுகிறது.

மௌன கோபுரம்

இந்தச் சோதனைகளில் ஒரு தொல்லை இருந்தது. நாய் கூர்மையான காது உள்ள பிராணி. வெளியே யாராவது நடந்தால் தலையைத் திருப்பும். ஓர் ஈ பறந்தால் கவனம் மாறும். கவனம் மாறினால் எச்சில் நின்றுவிடும்.

ஆகவே சத்தமே நுழையாத ஒரு கட்டிடம் கட்டப் பாவ்லோவ் திட்டமிட்டார். மாஸ்கோவில் இருந்த ஒரு விஞ்ஞானச் சங்கம் பண உதவி செய்தது. 1910-ம் ஆண்டு வாக்கில் வேலை தொடங்கியது. கனமான சுவர்கள். சுற்றிலும் அகழி. நாய் ஓர் அறையில். சோதனை செய்பவர் வெளியே. அதற்கு மௌன கோபுரம் என்றே பெயர் வந்துவிட்டது.

மனிதன் சத்தம் என்று எண்ணாத ஒன்றுகூட நாயைக் கலைத்துவிடும் என்பதை உலகத்துக்குக் காட்டிய கட்டிடம் அது.

மறதி அல்ல, பிரேக்

பழக்கத்தை உண்டாக்கிய பாவ்லோவ், அடுத்து அதை அணைக்கவும் முயன்றார்.

டிக் டிக் சத்தம் கேட்கும். இறைச்சி வராது. சில நிமிஷம் கழித்து மறுபடியும் சத்தம். அப்போதும் இறைச்சி இல்லை. எச்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். முடிவில் ஒரு சொட்டுகூட வராது. விளக்கில் எண்ணெய் தீர்ந்ததும் சுடர் அணைவது போலப் பழக்கம் அணைந்துவிடும்.

வேலை முடிந்தது என்று எண்ணினால் அதுதான் தவறு. நாய்க்குச் சற்று ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடியும் சத்தம் எழுப்பினால், எச்சில் மீண்டும் வரும்! முன்பு போல அவ்வளவு வராது. ஆனாலும் வரும். புதிய சத்தம் ஏதாவது கேட்டு நாய் திடுக்கிட்டாலும் பழைய பழக்கம் தலைகாட்டும்.

பழக்கம் அழியவில்லை, மூளை அதற்கு ஒரு பிரேக் போட்டிருக்கிறது என்று பாவ்லோவ் விளக்கினார். வண்டியின் பிரேக்கைப் போல அதுவும் பழகப் பழகத்தான் உறுதிப்படும். அவசரப்பட்டால் நழுவும்.

அமைதியான நாய் குரைத்தது

1914-ல் ஒரு சோதனை நடந்தது. அதில் கலந்துகொண்டது அமைதியான ஒரு நாய். அதற்கு வட்டத்தைக் காட்டினால் உணவு கிடைக்கும். முட்டை வடிவத்தைக் காட்டினால் உணவு கிடைக்காது. நாய் இரண்டையும் நன்றாகப் பிரித்து அறிந்துகொண்டது.

பிறகு முட்டை வடிவத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை நெருங்கும்படி மாற்றினார்கள். கடைசியில் ஒரு பக்கம் ஒன்பது பங்கு, மறுபக்கம் எட்டுப் பங்கு என்ற அளவுக்கு வந்தது. எது வட்டம், எது முட்டை என்று நாய்க்கு விளங்கவில்லை. மூன்று வாரம் முயன்றும் முன்னேற்றம் இல்லை. மாறாக, தெரிந்ததையும் மறக்கத் தொடங்கியது.

அதோடு நிற்கவில்லை. அமைதியாக நின்ற நாய் துள்ளியது. ஊளையிட்டது. உடம்பில் மாட்டியிருந்த கருவிகளைக் கடித்துக் குதறியது. அதுவரை சோதனை அறைக்குப் போகும்போது வாயே திறக்காத நாய், இப்போது உள்ளே கொண்டுபோனதும் வெறிகொண்டு குரைத்தது.

யாரும் அதை அடிக்கவில்லை. பட்டினி போட்டும் வதைக்கவில்லை. எதைச் செய்தால் நல்லது, எதைச் செய்தால் கெட்டது என்பது புரியாமல் போனதுதான் காரணம். குழப்பமே ஒரு நோயாக மாறும் என்பதைப் பாவ்லோவ் கண்டார்.

வீட்டில் என்ன நடக்கிறது? நாய் குரைத்தால் தந்தை அடிக்கிறார். பாட்டி பிஸ்கட் போட்டு அடக்குகிறார். பிள்ளைகள் சிரித்துத் தூண்டிவிடுகிறார்கள். ஒரே குரைப்புக்கு மூன்று விதமான பதில். அந்த நாய்க்கு வட்டம் எது, முட்டை எது என்று எப்படித் தெரியும்?

கட்டுக்கு அடங்காத நாய்

மற்றொரு நாய் மனிதர்களிடம் மிகவும் அன்பாகப் பழகும். ஆனால் மேஜைமேல் வாரினால் கட்டினால் போதும், அமைதி இழந்துவிடும். காரணம் இல்லாமல் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். மாதக் கணக்கில் முயன்றும் பயன் இல்லை. அந்த நாயின் சுதந்தர உணர்ச்சியே அது என்று பாவ்லோவ் முடிவுக்கு வந்தார்.

அதை அடித்துத் திருத்தினாரா? இல்லை. அன்றாட உணவை அந்த மேஜைமேல் மட்டுமே கொடுக்க ஏற்பாடு செய்தார். முதலில் நாய் சரியாகத் தின்னவில்லை. இளைத்தது. நாளடைவில் அங்கே நின்று தின்னத் தொடங்கியது. வெறுத்த இடம், உணவு கிடைக்கும் இடம் ஆயிற்று. பல மாதங்களுக்குப் பிறகு நாய் அமைதி அடைந்தது.

அன்னியரைக் கண்டால் சீறிப் பாயும் காவல் நாயையும் அவர் ஆராய்ந்தார். தன்னோடு பழகிய உதவியாளரைத் தவிர வேறு யார் அறைக்குள் வந்தாலும் அது குரைக்கும். எப்போது சீற்றம் அதிகம்? குறுகிய அறை, கட்டிய வார், அருகில் எஜமானர் போன்ற அந்த உதவியாளர். இவை சேர்ந்திருக்கும்போதுதான் அதிகம். அவர் வெளியே போனால் சீற்றம் குறைந்தது. அறைக்கு வெளியே வேறு நாயாக நடந்துகொண்டது.

சங்கிலியில் கட்டிய நாய் வீட்டு வாசலில் ஏன் புலியாகிறது, தெருவில் ஏன் பூனையாகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

பஞ்சமும் வெள்ளமும்

1917-ல் ரஷியாவில் புரட்சி வெடித்தது. பின்னர் உள்நாட்டுப் போர். பஞ்சம். குளிருக்கு விறகு இல்லை. நாய்களுக்குக் கொடுக்க உணவு இல்லை. அவை பட்டினியால் செத்தன. நோபல் பரிசு பெற்ற பேராசிரியர், நிலையத்தின் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துக் காய்கறி பயிரிட்டார். தந்தை கற்றுக்கொடுத்த தொழில் கைகொடுத்தது. அந்தக் கொடிய ஆண்டுகளில் பாவ்லோவ் ஒரு மகனையும் இழந்தார்.

அப்போதும் நேரம் தவறாமல் வேலைக்கு வருவார். தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்ததால் தாமதமாக வந்த உதவியாளரைக்கூட அவர் கடிந்துகொண்டார் என்று சொல்வார்கள்.

நாட்டை விட்டு வெளியேற அனுமதி கேட்டார். அவரை இழக்க அரசாங்கம் விரும்பவில்லை. 1921-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி லெனின் ஓர் உத்தரவு போட்டார். பாவ்லோவுக்கும் அவர் ஆராய்ச்சிக்கும் வேண்டிய எல்லாம் கொடுக்கவேண்டும் என்பது அந்த உத்தரவு. உதவி பெற்றதற்காகப் பாவ்லோவ் வாயை மூடிக்கொள்ளவில்லை. பிடிக்காததைப் பகிரங்கமாகக் கண்டித்தே வந்தார்.

பீட்டர்ஸ்பர்க் நகரம் 1924-ல் லெனின்கிராட் என்று பெயர் மாறியது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி நெவா ஆறு பொங்கி ஊருக்குள் புகுந்தது. நாய்க் கூண்டுகளில் வெள்ளம் ஏறியது. நாய்கள் கூண்டின் மேல்பக்கம் மூக்கை நீட்டி மிதந்தன. கதவோ தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. பணியாளர்கள் நாய்களின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கி, கதவு வழியாக வெளியே இழுத்துக் காப்பாற்றினார்கள்.

உயிர் பிழைத்தது. பழக்கம் பிழைக்கவில்லை! சில நாய்கள் பல காலம் கற்றதை எல்லாம் மறந்துவிட்டன. ஒரு நாயை மீட்கப் பாவ்லோவ் ஒரு வழி செய்தார். வெளியே இருந்து சோதனை நடத்தும் உதவியாளர், நாயோடு அதே அறைக்குள் போய் உட்கார்ந்தார். பழகிய மனிதர் பக்கத்தில் இருந்ததும் நாய்க்குத் தைரியம் வந்தது. கற்றது திரும்பி வந்தது.

பின்னர் ஒரு நாள் கதவின் கீழே கொஞ்சம் தண்ணீர் கசிந்து வரும்படி செய்தார்கள். அவ்வளவுதான். நாய் மறுபடியும் நடுங்கியது. கற்றதெல்லாம் மீண்டும் கலைந்தது. பயம் எவ்வளவு ஆழத்தில் பதிகிறது என்பதை அந்தச் சிறிய தண்ணீர்க் கோடு காட்டியது.

வீட்டு நாய்க்கு ஆகும் பாடம்

குரைக்கும் நாயை அடக்குவதற்கென்று பாவ்லோவ் தனியாக நூல் எழுதவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் அவருடைய உண்மைகளையும் தங்கள் கண்டுபிடிப்புகளையும் சேர்த்து வழிகள் வகுத்தார்கள். இன்று நாய் பழக்குபவர்கள் அவற்றைத்தான் பின்பற்றுகிறார்கள்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். தனிமையில் குரைக்கிறதா? பயத்தில் குரைக்கிறதா? விளையாட அழைக்கிறதா? நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய் குரைக்காமல் என்ன செய்யும்? தினமும் நடக்கவும் ஓடவும் விட்டாலே பாதிக் குரைப்பு குறைந்துவிடலாம். அமைதியான நாய் திடீரென்று ஓயாமல் குரைத்தால், வலியோ நோயோ இருக்கலாம். கால்நடை டாக்டரிடம் காட்டவேண்டும்.

கதவுச் சத்தத்துக்குக் குரைக்கும் நாய்க்கு அந்தச் சத்தத்தின் பொருளை மாற்றவேண்டும். ஒருவர் கதவை மிக மெதுவாகத் தட்டவேண்டும். நாய் குரைக்கத் தொடங்கும் முன்பே, மற்றொருவர் அதற்குப் பிடித்த தீனியைக் கொடுக்கவேண்டும். தினமும் சில நிமிஷம் போதும். நாய் அமைதியாக இருக்க இருக்க, சத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். அன்னியர் வரும் அடையாளமாக இருந்த சத்தம், தீனி வரும் அடையாளமாக மாறும்.

தீனிக்காகவும் கொஞ்சலுக்காகவும் குரைக்கும் நாய்க்கு வேறு வழி. குரைக்கும்போது எதுவும் கொடுக்கக்கூடாது. திட்டவும் கூடாது. சில நாய்களுக்குத் திட்டும் ஒரு கவனிப்புதான். குரைப்பு நின்று சில நொடி ஆனதும் தீனி கொடுக்கவேண்டும். முதல் சில நாட்கள் குரைப்பு முன்பைவிட அதிகமாகும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து தீனி போட்டால் எல்லாம் கெட்டுவிடும். இன்னும் கொஞ்சம் குரைத்தால் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும்.

அடங்கிய குரைப்பு சில நாள் கழித்துத் திரும்பி வரலாம். பாவ்லோவின் நாய்களுக்கு எச்சில் திரும்பி வந்தது போலத்தான். மனம் தளராமல் பாடத்தை மறுபடியும் நடத்தவேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும். தந்தைக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று கூடாது.

பயந்து குரைக்கும் நாயை அடித்தால் பயம் இரட்டிக்கும். சத்தம் கேட்டால் அடி விழும் என்று அது கற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட நாய், ஒரு நாள் குரைக்காமலே கடித்துவிடலாம்.

நாய்க்கு நாய் குணம் வேறுபடும் என்பதையும் பாவ்லோவ் காட்டினார். சில நாய்கள் வேகமானவை. சில கோழைகள். சில சாந்தமானவை. ஒன்று பத்து நாளில் கற்பதை மற்றொன்று இரண்டு மாதத்தில் கற்கும். அது நாயின் குற்றம் அல்ல.

நாய்க்கு ஒரு சிலை

முதுமையிலும் பாவ்லோவ் ஓயவில்லை. லெனின்கிராடுக்கு அருகே கொல்துஷி என்ற கிராமத்தில் அவருக்கென்று பெரிய ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்கே நாய்களின் குணத்தை ஆராய்ந்தார். ஓய்வு நேரத்தில் தோட்ட வேலை செய்தார். வாலிபர்களோடு சேர்ந்து, தடியை வீசிக் கட்டைகளை விழுத்தும் கோரொத்கி என்ற ரஷிய விளையாட்டையும் ஆடினார்.

1935-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உலகத்து உடலியல் விஞ்ஞானிகள் லெனின்கிராடில் கூடினார்கள். பாவ்லோவ்தான் தலைமை வகித்தார். அந்த ஆண்டில், அவர் பல காலம் உழைத்த பரிசோதனை மருத்துவ நிலையத்தின் தோட்டத்தில் ஒரு சிலை எழுந்தது.

அது பாவ்லோவின் சிலை அல்ல. ஒரு நாயின் சிலை!

பீடத்தின்மேல் ஒரு நாய் அமர்ந்திருக்கிறது. பீடத்தைச் சுற்றிலும் ஆராய்ச்சிக் காட்சிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெயர் தெரியாமல் உயிர் கொடுத்த நாய்களுக்கு மனிதன் செலுத்திய நன்றி அது. நகரத்துக்கு 1991-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற பழைய பெயர் திரும்பி வந்தது. சிலை அதே தோட்டத்தில் இருக்கிறது.

1936-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி, நுரையீரல் காய்ச்சலால் பாவ்லோவ் காலமானார். வயது 86.

சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் நாய்களின் மூளையை ஆராய்ந்தார். ஒரு சத்தத்துக்கு நாய் எப்படிப் பதில் கொடுக்கிறது என்பதை எச்சிலைச் சொட்டுச் சொட்டாக எண்ணி அறிந்தார். நாயின் குரைப்பும் அதுபோன்ற ஒரு பதிலே. கேள்வி எங்கே இருந்து வந்தது என்று பார்க்காமல், பதில் சொன்ன நாயைத் தடியால் அடிப்பதில் பயன் இல்லை.

கையில் தடிக்குப் பதில் ஒரு பிடி தீனியும், மனத்தில் இரண்டு மாதத்துப் பொறுமையும் இருந்தால், பல வீடுகளில் இரவு அமைதி திரும்பும். நாயும் வீட்டிலேயே இருக்கும்.